பதில் சொன்னது பிரின்டர் இல்லை

“மேடம், மெஷின் ஆன்லைன்ல இருக்குது, ஆனா பேஜ் கவுண்ட் வரல. கஸ்டமர் தரப்பில் தவறுன்னு போட்டு மூடிடலாமா?”

நான் ஓய்வு பெற்ற பிறகும் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் இப்படிப் போன் செய்வதுண்டு. இன்றைக்குக் கேட்டவள் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண். இப்போதெல்லாம் சென்னையில் ஒரு பெரிய திரை வைத்திருக்கிறார்களாம். எந்த ஊரில், எந்த அலுவலகத்தில், எந்தப் பிரின்டர் எத்தனை பக்கம் அடித்தது என்பது அதில் ஓடிக்கொண்டே இருக்கும். எண் வராமல் போனால் அந்த இடத்துக்கு நேராக ஒரு சிவப்புக் குறி தானாக விழும். பக்கத்திலேயே ‘சந்தேகத்துக்குரியது’ என்ற சொல்லும் தானாக விழும். நேரில் போக வேண்டிய அவசியமே இல்லை.

“மூடாதே. போய்ப் பார்” என்றேன்.

“போறதுக்கு இப்பல்லாம் அனுமதி தர்றதில்ல மேடம்.”

“அப்போ ‘போய்ப் பார்க்கவில்லை’ன்னு எழுது. தவறுன்னு எழுதாதே.”

“ஏன் மேடம் இதுக்குப்போய் இவ்ளோ முரண்டு புடிக்கறீங்க?” என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

முரண்டு என்பது சரியான சொல். என் பணிக்காலம் முழுவதும் அதை மற்றவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒருமுறையும் மறுத்ததில்லை. அவளுக்குப் போனில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா சின்ன காஞ்சிபுரத்தில் பள்ளி ஆசிரியர். சித்தப்பாக்கள், மாமாக்கள் எல்லோரும் காகிதத்திலும் பேச்சிலும் பிழைத்தவர்கள். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ் செய்யும் கம்பெனி ஒன்றின் காஞ்சிபுரம் கிளையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சென்னையில் பயிற்சி கொடுத்தார்கள். மெஷினை முழுதாகக் கழற்றி மாட்டச் சொன்னார்கள், கழற்றி மாட்டினேன். மறுபடியும் கழற்றச் சொன்னார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

வீடுதான் கடினம். டோனர் என்கிற கறுப்புப் பொடி நகக்கண்ணில் ஏறினால் சீக்கிரம் இறங்காது. முதல் நாள் வேலை முடிந்து வந்தபோது அம்மா வாசலிலேயே மறித்தாள்.

“என்னடி இது, கரியை அள்ளிண்டு வந்து நிக்கற! இந்தக் கையோட தளிகை உள்ளுக்குள்ள வரப்படாது, சொல்லிட்டேன்.”

“வரல. தட்டைக் கூடத்துல கொண்டு வந்து வை.”

“இதெல்லாம் ஒரு உத்தியோகமா?”

“சம்பளம் வரும்போது தெரியும்” என்றேன். அம்மா சமையலறைக்குள் விடாமல் கூடத்தில்தான் தட்டை வைத்தாள். வருஷக் கணக்காக அப்படித்தான் சாப்பிட்டேன். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை.

வெளியிலும் கதை அதுதான். ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ஒருவர் என்னை உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “சர்வீஸ் ஆள் எப்பம்மா வருவாரு?” என்று கேட்டார். “வந்தாச்சு சார்” என்று சொல்லிப் பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்தேன். அவர் முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைந்துபோகும்.

எங்கள் கிளை மேனேஜர் சபாபதி சார். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துக்காரர். நல்ல உயரம், குரலை உயர்த்தவே மாட்டார். நாங்கள் எழுதிக்கொண்டு வரும் சர்வீஸ் ரிப்போர்ட்டை ஜன்னலருகே நின்றுகொண்டுதான் படிப்பார். ‘இருக்கலாம்’, ‘போல் தெரிகிறது’ என்ற சொற்கள் கண்ணில் பட்டால் போதும், சிவப்புப் பேனா இறங்கும்.

“நீ பார்த்தியா?” என்பார்.

பார்த்தேன் என்றால் அதோடு விடமாட்டார். “எங்க நின்னு பார்த்த?”

பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் திட்டமாட்டார். பேனாவை மெதுவாக மூடி மேசையில் வைப்பார். மறுபடி அந்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். ஒருமுறை வாலாஜாபாத் போய்விட்டுத் திரும்பியவளை, மெஷினுக்குப் பின்னால் இருந்த பிளக்கின் எர்த் முனையைப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்பதற்காக அப்படியே திருப்பி அனுப்பினார். வெயிலில் எரிச்சலோடு போனேன். எர்த் முனை நன்றாகத்தான் இருந்தது. வந்து சொன்னேன். “இப்ப எழுதும்மா” என்றார். ஆனால் பெண் பிள்ளையை அனுப்பாதே என்று எந்த வாடிக்கையாளராவது போன் செய்தால், “எங்க பொண்ணுதான் வரும்பா. அது சொல்றதுதான் ரிப்போர்ட்டு” என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த ஒன்றுக்காக அவரிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் பஸ் ஏறியிருப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நெட்வொர்க் பிரின்டர்கள் வந்தன. மெஷினை நாங்கள் கொடுப்போம், அடித்த பக்கங்களுக்குத் தகுந்தபடி வாடிக்கையாளர் கட்டணம் தருவார். பக்கக் கணக்கை யாரும் வந்து குறித்துக்கொண்டு போக வேண்டாம். அந்தக் கட்டடத்தில் ஏதாவது ஒரு கணினியில் எங்கள் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். அது ஒவ்வொரு பிரின்டரையும் அவ்வப்போது கூப்பிட்டு, இதுவரை எத்தனை பக்கம் அடித்தாய் என்று கேட்கும். வருகிற எண்ணைச் சென்னைக்கு அனுப்பும். கூப்பிடுவதற்கு ஒவ்வொரு பிரின்டருக்கும் ஓர் ஐ.பி. எண் உண்டு, தெருவில் வீட்டுக் கதவெண் மாதிரி. மென்பொருள் முதலில் அந்தக் கதவைத் தட்டும். உள்ளேயிருந்து பதில் வந்தால் திரையில் பச்சைப் புள்ளி. அதற்குப் பிறகுதான் பக்கக் கணக்கைக் கேட்கும். தட்டுவது வேறு, கணக்குக் கேட்பது வேறு. இந்த வித்தியாசம் எங்கள் ஆட்களிலேயே பலருக்கு மனசில் பதியவில்லை.

எண் வராமல் போவது அடிக்கடி நடந்தது. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கல்லூரியில், மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று அலுவலக உதவியாளர் அந்தக் கணினியையே அணைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். இன்னோர் இடத்தில் எலி வயரைக் கடித்திருந்தது. இவையெல்லாம் சிரித்துவிட்டுச் சரிசெய்து வருகிற வேலைகள்.

பட்டுக்கடை விவகாரம் அப்படிப்பட்டதில்லை.

காந்தி ரோட்டில் பெரிய கடை. பெயர் வேண்டாம். கீழ்த்தளத்தில் விற்பனை, முதல் மாடியில் கணக்குப் பிரிவும் முதலாளிகளின் அறைகளும், இரண்டாம் மாடியில் டிசைன் பிரிவு. எங்கள் கிளைக்கு அதுதான் மிகப் பெரிய வாடிக்கையாளர். டிசைன் பிரிவில் மல்லிகா என்ற பெண் வேலை பார்த்தார். முப்பது வயதிருக்கும், அவரும் பிள்ளையார்பாளையம்தான். புடவையின் பார்டரையும் முந்தியையும் கணினியில் வரைந்து, கட்டம் போட்ட தாளில் பிரின்ட் எடுப்பார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஜக்கார்டு தறிக்கான அட்டைகளில் துளை போடுவார்கள். தாள் வெளியே போனால் புடவை வெளியே போனதற்குச் சமம்.

தீபாவளிக்கு முன்னால் அதே ரோட்டில் இன்னொரு கடையின் கண்ணாடிக்குள் ஒரு புடவை தொங்கியது. கொடி சுற்றிய யாளி பார்டர். இந்தக் கடையில் மல்லிகா வரைந்து, தறியில் ஏறிக்கொண்டிருந்த அதே பார்டர் என்று சொன்னார்கள். முதலாளியின் மகன், கடையில் எல்லோரும் சின்னவர் என்று கூப்பிடுவார்கள், சென்னையிலிருந்து வரும் பக்கக் கணக்கை எடுத்துப் பார்த்தார். மற்றப் பிரிவுகளுக்கு எண் இருந்தது. டிசைன் பிரிவுக்கு மட்டும் பல வாரங்கள் வெற்றிடம். ஆனால் புள்ளி பச்சை. மெஷின் உயிரோடு இருக்கிறது, எண் இல்லை என்றால், கூடுதலாக எடுத்த தாளை மறைக்க யாரோ அழித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். போதாததற்கு மல்லிகாவின் கணினியிலிருந்து பிரின்டருக்கு நேரடியாக ஒரு கேபிள் போயிருந்தது. பெரிய வடிவங்கள் நெட்வொர்க்கில் மெதுவாகப் போகும் என்பதற்காகப் போட்டது அது. அதையும் திருட்டுக் கணக்கில் சேர்த்தார்கள்.

மல்லிகாவின் கைப்பையைக் கீழே விற்பனைத் தளத்தில், கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவே, கவிழ்த்துப் பார்த்து வெளியே அனுப்பினார்கள். டிபன் டப்பா உருண்டு வாசல்வரை போனதாம். இந்த ஊரில் டிசைன் திருடினாள் என்ற பேச்சு ஒரு பெண்மேல் விழுந்தால், அவளை மட்டுமில்லை, அவள் வீட்டுத் தறிக்கே பாவு நூல் கொடுக்க யோசிப்பார்கள்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

“மேடம், ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுக்கப்போறோம்” என்றார் சின்னவர். “எண்ணை வேணும்னே அழிச்சிருக்காங்கன்னு உங்க லெட்டர்ஹெட்ல ஒரு ரிப்போர்ட் போட்டுக் குடுத்துடுங்க.”

“பார்த்துட்டுத் தரேன் சார்.”

“அதான் நான் சொல்றனே, அழிச்சிருக்குது.”

“நீங்க சொல்றதை நீங்களே எழுதலாம் சார். நான் எழுதணும்னா நான் பார்த்திருக்கணும்.”

அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் மாடிக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மல்லிகாவின் நாற்காலி காலியாக இருந்தது. கணினியின்மேல் ஒரு சின்னப் பிள்ளையார் படம். நான் பிரின்டரின் முன்னால் போய் அதன் பொத்தான்களை அழுத்தி, அது தன்னைப் பற்றித் தானே சொல்லும் பக்கத்தை அச்செடுத்தேன். எந்தப் புகாருக்கும் முதல் வேலை அதுதான். மெஷின் பிறந்ததிலிருந்து அடித்த மொத்தப் பக்கங்கள் அதில் இருக்கும். அந்த எண் மெஷினின் உள்ளே பதிந்திருப்பது. உட்கார்ந்து வேலை செய்கிறவர் அழிக்க வழியில்லை. கடைசியாகச் சென்னைக்குப் போயிருந்த எண்ணுக்கும் இதற்கும் இடையே, வழக்கமாக அந்தப் பிரிவில் ஓடுகிற அளவுக்குத்தான் கூடியிருந்தது. ஆக, எதுவும் அழியவில்லை. எண் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது; வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை.

அதே தாளில் கீழே ஐ.பி. எண்ணும் அச்சாகியிருந்தது. முதல் மாடிக்கு இறங்கி, கணக்குப் பிரிவுக் கணினியில் எங்கள் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். டிசைன் பிரின்டர் என்று அதில் பதிந்திருந்த எண் வேறு. ஆனால் பச்சைப் புள்ளி எரிகிறது. அந்தப் பழைய எண்ணைத் தட்டினால் பதில் வருகிறது.

மறுபடி மாடி ஏறினேன். பிரின்டரின் பின்னாலிருந்த நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன். கணக்குப் பிரிவில் இருந்தவரிடம் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்து, புள்ளி என்ன நிறம் என்று கேட்டேன்.

“பச்சைதாம்மா!”

வயர் என் கையில் தொங்குகிறது. கீழே திரையில் பிரின்டர் உயிரோடு இருக்கிறது. பல வருஷ வேலையில் அந்த மாதிரி உடம்பு சிலிர்த்தது அன்றைக்கு மட்டும்தான். பதில் சொல்லிக்கொண்டிருந்தது பிரின்டரே இல்லை.

பிறகு செய்தது பொறுமையான வேலை. பில் போடுவது நிற்கக் கூடாது என்பதால் மதியச் சாப்பாட்டு நேரம்வரை காத்திருந்தேன். எல்லா வயர்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு வயராகப் பிடுங்கி, புள்ளியைப் பார்த்து, திரும்பச் செருகினேன். ஒரு வயரைப் பிடுங்கியதும் பச்சை அணைந்து சிவப்பானது. அதையும் திரும்பச் செருகிவிட்டு, அந்த வயரைச் சுவரோரமாகப் பிடித்துக்கொண்டே போனேன். அது சின்னவரின் அறைக்குள் நுழைந்து, அவர் மேசைமேல் இருந்த புது லேப்டாப்பில் போய் முடிந்தது.

நடந்தது இதுதான். கடைக்கு வேகமான இன்டர்நெட் வந்தபோது, எல்லாக் கருவிகளுக்கும் ஐ.பி. எண் கொடுக்கும் பெட்டியை மாற்றியிருந்தார்கள். மற்றப் பிரின்டர்களுக்கு நாங்கள் மாறாத எண் போட்டிருந்தோம், அவை தப்பின. டிசைன் பிரின்டரைக் கடைசியாகப் பொருத்திய எங்கள் கம்பெனி ஆள் அதைப் போடாமல் விட்டிருக்கிறார். அவர் அதற்குள் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார். புதுப் பெட்டி அந்தப் பிரின்டருக்கு வேறு எண்ணையும், அதன் பழைய எண்ணைச் சின்னவரின் லேப்டாப்புக்கும் கொடுத்துவிட்டது. எங்கள் மென்பொருள் பழைய கதவைத் தட்டியது, லேப்டாப் ‘இருக்கிறேன்’ என்றது, பச்சை எரிந்தது. பக்கக் கணக்கைக் கேட்டால் லேப்டாப்புக்கு என்ன தெரியும்? வெற்றிடம்.

வெளியே வந்து சபாபதி சாருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். எங்கே நின்று பார்த்தாய் என்றும் கேட்டார். எல்லாம் சொன்னேன்.

“பெருந்தேவி, ‘காரணம் கண்டறிய இயலவில்லை’ன்னு எழுதிட்டு வந்துடும்மா.”

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

“சார், கண்டுபிடிச்சுட்டேன்.”

“தெரியுது. நீ எழுதினா நம்ம கம்பெனி மேல தப்புன்னு ஆவும். அவரு லேப்டாப்புன்னு எழுதினா அவரு மூஞ்சிய எங்க வச்சிக்குவாரு? ரெண்டு பக்கமும் போயிடும். அழிச்சாங்கன்னு நான் எழுதச் சொல்லலியே. இயலவில்லைன்னு ஒரு வரி. அவ்ளோதான்.”

“அந்த ஒரு வரியை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு என்ன சார் பண்ணும்? உங்க தெருப் பொண்ணு.”

“அவங்க அப்பாவ எனக்குத் தெரியும்மா. எனக்கு மட்டும் வலிக்காதா? கிளையில உன்ன மாதிரி எத்தினி பேரு சம்பளம் வாங்கிக்கினு இருக்காங்க, அத நான் பார்க்க வேணாமா?”

“நீங்க பாருங்க சார். அது உங்க வேலை. நான் பார்த்ததை நான் எழுதறேன்.”

“அப்ப என் கையெழுத்து அதுல இருக்காது.”

“வேண்டாம் சார்” என்றேன். போனை வைத்துவிட்டார். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய்.

உள்ளே போய்ச் சின்னவரிடம், மல்லிகா வந்தால்தான் நான் கண்டதைச் சொல்வேன் என்றேன். “அவ எதுக்கு இங்க?” என்று எழுந்தேவிட்டார். அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து அவர் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, சட்டை. அதிகம் பேசாத மனிதர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு மேல புகார் சொல்றோம். அது எதிர்லயே சொல்லட்டுமே” என்று ஆளை அனுப்பினார்.

மல்லிகா வந்தார். தலையைக் குனிந்துகொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி வரவில்லை. நேராக வந்து, சின்னவரைப் பார்க்காமல் பெரியவருக்கு மட்டும் வணக்கம் சொன்னார். பிறகு என்னிடம், “என்னாக்கா, என்ன எழுதப் போறீங்க?” என்றார்.

“முதல்ல மேலே போய், நீங்க எப்பவும் எடுக்கற மாதிரி ஒரு கிராஃப் பிரின்ட் எடுங்க” என்றேன்.

கணக்குப் பிரிவுக் கணினியின் திரையைப் பெரியவர் பக்கம் திருப்பி வைத்தேன். டிசைன் பிரின்டர், பச்சைப் புள்ளி. மேலேயிருந்து பிரின்டர் ஓடும் சத்தம் படிக்கட்டு வழியாகக் கேட்டது.

“சார், உங்க லேப்டாப்பை ஆஃப் பண்ணுங்க” என்றேன்.

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் சின்னவர்.

“ஆஃப் பண்ணுங்க, தெரியும்.”

அவர் அசையவில்லை. பெரியவர் மகனைப் பார்த்தார். சின்னவர் போய் அணைத்துவிட்டு வந்தார். திரையில் பச்சைப் புள்ளி சிவப்பானது. மேலே பிரின்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மல்லிகா கட்டம் போட்ட தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் சூடு ஆறுவதற்குள் படியிறங்கி வந்தார்.

“டிசைன் பிரின்டர் செத்துப்போச்சுன்னு இது சொல்லுது” என்று திரையைக் காட்டினேன். “அது அடிச்ச தாள் அவங்க கையில இருக்கு. இத்தனை வாரமா பதில் சொன்னது உங்க லேப்டாப்பு சார். பிரின்டர் இல்லை. உள்ளே இருக்கிற எண்ணை யாரும் தொடலை.” எங்கள் ஆள் மாறாத ஐ.பி. எண்ணைப் போடாமல் விட்டதையும் சேர்த்தே சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்தேன்.

முதலில் பேசியவர் மல்லிகா.

“நான் திருடலன்னு எழுதுக்கா.”

“அதை என்னால எழுத முடியாது மல்லிகா.”

“என்னாது?”

“எண் அழியலைன்னு எனக்குத் தெரியும். நீங்க யார்கிட்ட என்ன குடுத்தீங்க, குடுக்கலைங்கறது பிரின்டர்கிட்ட இல்லை. நான் அதைப் பார்க்கலை.”

அவர் முகம் சிவந்தது. சின்னவர்மேல் வராத கோபம் என்மேல் வந்தது. “அந்த யாளி என்ன எங்க வீட்டுச் சொத்தா? வரதர் கோயில் நூத்துக்கால் மண்டபத்துத் தூணுல நிக்குது. கண்ணு இருக்கறவன் எவன் வேணாலும் பார்த்து வரைவான். நானும் அங்க குந்திக்கினுதான் வரைஞ்சேன். இது தெரியாதா உங்களுக்கு?” என்றார். எல்லோரையும் பார்த்துத்தான் கேட்டார். அவர் சொன்னதை நம்பினேன். நம்பியதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

பெரியவர் என் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். மகனிடம் கொடுத்தார். “ஸ்டேஷனுக்குக் குடுக்கணும்னியே, இந்தா, குடு” என்றார்.

சின்னவர் தாளை வாங்கவில்லை. “சரி, நாளைலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லுங்க” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“நான் இங்கதான் நிக்கறேன். எங்கிட்ட சொல்லுங்க” என்றார் மல்லிகா. “என் பைய கவுத்தப்ப கீழ கடை ஃபுல்லா பார்த்துக்கினு இருந்துச்சு. இங்க மாடியில சொன்னா அவங்க காதுல வுழுமா? கீழ வந்து சொல்லுங்க.”

சின்னவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெரியவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார். மல்லிகா பின்னால் போனார், நானும் போனேன். கீழே புடவைகளை விரித்துப் போட்டிருந்த ஜமக்காளங்களுக்கு நடுவே, விற்பனையாட்களும் வாங்க வந்தவர்களும் பார்க்கும்படி நின்று, “இந்தப் பொண்ணு மேல நாங்க சொன்னது தப்பு. மெஷின்ல கோளாறு. எங்க கடையில எண்ணை அழிச்சதா சொன்னதை வாபஸ் வாங்கிக்கறோம்” என்றார். மல்லிகா கும்பிடவில்லை, அழவும் இல்லை. “சரிங்க” என்று சொல்லிவிட்டு வாசல் வழியாகப் போனார்.

மறுநாள் சபாபதி சார் என் ரிப்போர்ட்டின் நகலை ஜன்னலருகே நின்று படித்தார். ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். அந்த வருஷத்து ஒப்பந்தம் முடிந்ததும் பட்டுக்கடை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. எனக்குச் செய்யாறு, வந்தவாசி லைன் போட்டார்கள்; விடிகாலைப் பஸ், இருட்டிய பிறகு வீடு. காரணம் கேட்டுச் சென்னைக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். வேலையை விட்டுவிடுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. நான் பஸ் பாஸ் எடுத்துக்கொண்டேன். வந்தவாசியில் எனக்கு நல்ல வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று, அதற்கும் எழுதினேன். கடைசியில் அது வந்தது, தாமதமாக. தாமதத்தை நான் மன்னிக்கவில்லை. இன்றுவரை இல்லை.

சபாபதி சார் ஓய்வு பெற்ற நாளில் பேசும்போது என்னைக் காட்டி, “இது எழுதுனா எழுதுனதுதான். நானே சொன்னாலும் மாத்தாது” என்று மேனேஜர்கள் நிறைந்த கூட்டத்தில் சொன்னார். புகாராகச் சொன்னாரா, வேறு மாதிரியா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மல்லிகா மறுநாள் அந்தக் கடைக்கு வேலைக்குப் போனார். தறியில் இருந்த பார்டரை முடித்துக்கொடுத்தார். பொங்கலுக்குப் பிறகு, தானே சொல்லிக்கொண்டு, வேறொரு கடைக்கு டிசைனராகப் போனார். அங்கே அவரைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். அந்த யாளி பார்டர், பழைய கடையிலும் அதைக் கண்ணாடிக்குள் தொங்கவிட்ட கடையிலுமாக, இரண்டிலும் விற்றது.

நான் இப்போது இருப்பது செவிலிமேட்டில். சில மாதங்களுக்கு முன்னால் டவுன் பஸ்ஸுக்காக நின்றபோது மல்லிகாவும் அங்கே நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. அந்தப் பக்கம் மகளுக்கு வீடு பார்த்திருக்கிறாராம். பேசிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தி, “இத்தினி வருஷமாச்சு, கேக்கறேன். அன்னைக்கு நான் திருடலன்னு ஒரு வரி எழுதியிருந்தா உங்களுக்கு என்னாக்கா கொறைஞ்சி போயிருக்கும்?” என்றார்.

“அந்த ஒரு வரியை எழுதறவளா இருந்திருந்தா, அவங்க கேட்ட ஒரு வரியையும் எழுதியிருப்பேன் மல்லிகா.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கும் பக்கத்தில் முந்தானையைப் போட்டு இடம் பிடித்தார்.

“இப்ப கேட்டா எழுதுவீங்களா?”

“மாட்டேன்” என்று சொல்லி உட்கார்ந்தேன்.